விண்வெளி வீரர்களின் பெயர் தாங்கிய கப்பல்கள்

ஒரு நாடு தன் கப்பல்களுக்கு எவருடைய பெயரைச் சூட்டுகிறது என்பதைக் கொண்டு, அந்த நாடு யாரைத் தன் நினைவில் நிறுத்த விரும்புகிறது என்பதை ஓரளவு அறிந்துகொள்ள முடியும். நூற்றாண்டுகளாக அரசர்கள், தளபதிகள், வென்ற போர்க்களங்கள், மாநிலங்கள், ஆறுகள் ஆகியவற்றின் பெயர்களே கப்பல்களின் முகப்பில் எழுதப்பட்டுவந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பூமியின் காற்று மண்டலத்தைத் தாண்டிச் சென்று மீண்டவர்களும் மீளாமல் போனவர்களும் அந்த வரிசையில் இடம்பெற்றார்கள். அவர்களுடைய பெயர்களைத் தாங்கி அரசுகள் கடலில் இறக்கிய முக்கியமான கப்பல்களைப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. அவை எதிரியைத் தாக்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. பிற கப்பல்களுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசெல்பவை, கடலின் ஆழத்தை அளப்பவை, விண்கலத்தின் குரலைக் கேட்பவை. விண்வெளி வீரர் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் அமைவது அரிது.

இந்த வழக்கத்தைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது சோவியத் ஒன்றியம். அதற்குப் புவியியல் சார்ந்த ஒரு காரணம் உண்டு. பூமிக்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்கலம், தரையிலுள்ள ஒரு நிலையத்தின் பார்வைக்குள் சில நிமிடங்கள் மட்டுமே இருக்கும். அதன்பின் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். விண்கலம் ஒருமுறை சுற்றி வருவதற்கு ஏறக்குறைய 90 நிமிடங்கள் ஆகின்றன; அதற்குள் பூமி தன் அச்சில் திரும்பிவிடுவதால், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட மேற்கே தள்ளிச் செல்லும். சோவியத் நிலப்பரப்பு எவ்வளவுதான் விரிந்திருந்தாலும், ஒரு நாளின் 16 சுற்றுகளில் ஏறக்குறைய 6 சுற்றுகள் அதன் மேல் செல்லாமலே கடந்துவிடும். அந்த மணிநேரங்களில் விண்கலத்தில் என்ன நடந்தாலும் தரையிலுள்ளவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கா தன் நட்பு நாடுகளில் நிலையங்களை அமைத்து இந்தக் குறையைச் சரிசெய்தது; அத்தகைய வாய்ப்பு குறைவாக இருந்த சோவியத் ஒன்றியம் கடலை நாடியது. கஜகஸ்தான் சமவெளியில் தரையிறங்க வேண்டிய விண்கலம், அதற்கு ஏறக்குறைய அரைச் சுற்று முன்பே, தென் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே தன் வேகத்தைக் குறைக்கும் எந்திரத்தை இயக்க வேண்டியிருந்தது. அது சரியாக இயங்கியதா என்பதை அறிய அங்கே ஒரு காது வேண்டும். யூரி ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று பறந்தபோதே, கருவிகள் ஏற்றப்பட்ட சரக்குக் கப்பல்கள் அட்லாண்டிக்கில் காத்திருந்தன.

பின்னர் இந்தப் பணிக்கெனவே பெரிய கப்பல்கள் உருவாயின. முறைப்படி அவை அறிவியல் கழகத்தின் ஆய்வுக் கப்பல்கள்; கடற்படையின் பட்டியலில் இல்லாதவை. ஆயினும் அரசின் விண்வெளித் திட்டத்துக்காக அரசே நடத்திய கப்பற்படைப் பிரிவாகவே அவை செயல்பட்டன. 1967இல் லெனின்கிராட் நகரில் சரக்குக் கப்பல் ஒன்று இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டபோது, அதற்கு விளாதிமிர் கொமரோவ் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று, சோயுஸ்-1 விண்கலம் திரும்பி வருகையில் வான்குடை சரியாக விரியாமல் தரையில் மோதியதில் அவர் உயிரிழந்திருந்தார். விண்வெளிப் பயணத்தின்போது உயிர்துறந்த முதல் மனிதர் அவரே. சோவியத் ராக்கெட் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளரான செர்கெய் கொரோலியோவ், வாழ்ந்த காலமெல்லாம் பெயர் வெளியிடப்படாமலே பணியாற்றி 1966இல் மறைந்தவர். அவருடைய பெயர் 1970இல் கட்டப்பட்ட கப்பலின் முகப்பில் பெரிய எழுத்துகளில் இடம்பெற்றது.

இவை அனைத்திலும் பெரியது 1971இல் லெனின்கிராடின் பால்டிக் தளத்தில் கட்டிமுடிக்கப்பட்ட 'விண்வெளி வீரர் யூரி ககாரின்'. எண்ணெய்க் கப்பலின் உடற்பகுதியை அடிப்படையாகக் கொண்டு உருவான அது ஏறக்குறைய 231 மீட்டர் நீளமும் 45,000 டன் எடையும் கொண்டது. மாலுமிகளும் அறிவியலாளர்களும் சேர்ந்து சுமார் 350 பேர் மாதக்கணக்கில் அதில் தங்கிப் பணிபுரிந்தார்கள். மேல்தளத்தில் நிறுவப்பட்டிருந்த நான்கு பிரம்மாண்டமான கிண்ண வடிவ ஆண்டெனாக்கள் தொலைவிலிருந்தே கண்ணில் படும். தரையில் அசையாமல் நிற்கும் ஆண்டெனாவை விண்கலத்தை நோக்கித் திருப்புவது ஒரு கணக்கு; அலைகளில் ஆடும் கப்பலின் மேலுள்ள ஆண்டெனாவைத் திருப்புவது முற்றிலும் வேறு கணக்கு. கப்பல் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் அளந்து, அதற்கு எதிராக ஆண்டெனாவை நகர்த்த வேண்டும். கப்பல் நிற்கும் இடமும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவிகள் எங்கும் பரவியிராத காலத்தில் இதைச் செய்துமுடித்தவர்களின் திறமை இன்று போதிய அளவில் பேசப்படவில்லை.

1970களின் பிற்பகுதியில் மேலும் நான்கு கப்பல்கள், மரம் ஏற்றும் கப்பல்களிலிருந்து மாற்றியமைக்கப்பட்டு வந்தன. அவற்றில் மூன்று, 1971 ஜூன் 30 அன்று சோயுஸ்-11 விண்கலத்தில் உயிரிழந்த கியார்கி தப்ரவோல்ஸ்கி, விளாதிஸ்லாவ் வோல்கோவ், விக்டர் பத்சாயெவ் ஆகியோரின் பெயர்களைத் தாங்கின. உலகின் முதல் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் தங்கியிருந்து திரும்பியபோது, விண்கலத்தின் பகுதிகள் பிரியும் நேரத்தில் ஒரு வால்வு திறந்துகொண்டு உள்ளிருந்த காற்று வெளியேறியதால் அவர்கள் மூவரும் இறந்தார்கள். நான்காவது கப்பல் பாவெல் பெல்யாயெவின் பெயரைப் பெற்றது. 1965இல் அலெக்சி லியோனோவ் முதன்முதலாக விண்வெளியில் வெளியே வந்து மிதந்தபோது அந்த விண்கலத்தின் தலைவராக இருந்தவர் அவர். 1970இல் நோயால் காலமானார். இவ்வாறு சோவியத் கப்பல்களின் பெயர் வரிசை முழுவதும் இறந்தவர்களின் வரிசையாகவே அமைந்தது. விண்வெளியில் இருக்கும் வீரர்களின் உயிரைக் காக்கும் தகவல்தொடர்புப் பணி, அதே பாதையில் உயிர்விட்டவர்களின் பெயரில் நடந்தது என்பது ஆழ்ந்த பொருள் உடையது.

ஆயினும் பெயர் எவ்வளவு பெரியதாயினும் கப்பலின் ஆயுள் இரும்பையும் பணத்தையும் பொறுத்தது. தகவலை ஏற்று அனுப்பும் செயற்கைக்கோள்கள் வந்தபின் இத்தகைய கப்பல்களின் தேவை குறைந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது, ஒடெஸா துறைமுகத்தைத் தாயகமாகக் கொண்டிருந்த ககாரின் கப்பல் உக்ரைன் வசமானது. அதை இயக்கும் வசதி இல்லாத நிலையில் 1996இல் பழைய இரும்பு விலைக்கு அது விற்கப்பட்டு, குஜராத் மாநிலத்தின் அலங் கடற்கரைக்கு, அதாவது உலகின் மிகப் பெரிய கப்பல் உடைப்புத் தளங்களில் ஒன்றுக்கு, வந்துசேர்ந்தது. இறுதிப் பயணத்தின்போது அதன் பெயரின் பெரும்பகுதி வண்ணம் பூசி மறைக்கப்பட்டு, நடுவிலிருந்த சில எழுத்துகள் மட்டும் விடப்பட்டு, 'அகார்' என்னும் பொருளற்ற பெயர் எஞ்சியிருந்தது. மனித இனத்தின் முதல் விண்வெளிப் பயணியின் பெயரை இப்படிச் சிதைத்து அனுப்பியது வருந்தத்தக்கது. பத்சாயெவ் பெயரிலான கப்பலுக்கு மட்டும் நல்ல முடிவு வாய்த்தது: ரஷ்யாவின் கலினின்கிராட் நகரில் உலகப் பெருங்கடல் அருங்காட்சியகத்தின் படகுத்துறையில் அது பாதுகாக்கப்பட்டு, பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது.

அமெரிக்காவின் வழி வேறு. அந்நாட்டிலும் அப்போலோ திட்டத்துக்கான கண்காணிப்புக் கப்பல்கள் இருந்தன; ஆனால் அவற்றுக்கு வான்கார்ட், ரெட்ஸ்டோன், மெர்க்குரி என ராக்கெட்டுகளையும் திட்டங்களையும் நினைவூட்டும் பெயர்களே வைக்கப்பட்டன. மனிதர்களின் பெயர் பின்னரே வந்தது. அங்கே கடற்படைக் கப்பல்களுக்குப் பெயரிடும் அதிகாரம் 1819ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கடற்படைச் செயலாளரிடம் இருந்துவருகிறது. இவர் சீருடை அணிந்த அதிகாரி அல்லர், குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் நிர்வாகத் தலைவர். ஒரே வடிவமைப்பில் கட்டப்படும் கப்பல்களின் தொகுதிக்கு 'வகுப்பு' என்று பெயர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயர் மரபு உண்டு. அந்த மரபில் விலக்குகளும் உண்டு, அவற்றைப் பற்றிய அரசியல் விவாதங்களும் உண்டு. கப்பலுக்கெனப் புரவலர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவார். பெரும்பாலும் பெண்ணாக இருக்கும் அவர், ஷாம்பெய்ன் புட்டியைக் கப்பலின் முகப்பில் மோதி உடைத்துப் பெயர் சூட்டுவார். பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளும் கவனிக்கத்தக்கவை: 'யு.எஸ்.எஸ்.' என்பது முறைப்படி படையில் சேர்க்கப்பட்ட கப்பலையும், 'யு.எஸ்.என்.எஸ்.' என்பது கடற்படைக்குச் சொந்தமாயினும் பெரும்பாலும் சீருடை அணியாத மாலுமிகள் இயக்கும் துணைக் கப்பலையும் குறிக்கும்.

அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கும் கடலுக்குமான உறவு பெயரளவில் நின்றுவிடுவதன்று. ஃபுளோரிடாவிலிருந்து ஏவப்படும் விண்கலம் அட்லாண்டிக்கின் மேலாகவே கிழக்கு நோக்கிப் பறக்கும்; தொடக்கக் காலக் கூம்பு வடிவ விண்கலங்கள் கடலில் விழுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டன. எனவே ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் கடற்படை காத்திருந்தது. 1961 மே 5 அன்று 15 நிமிடங்கள் பறந்து விண்வெளியைத் தொட்ட முதல் அமெரிக்கர் ஆலன் ஷெப்பர்ட் 'லேக் சாம்ப்ளேன்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றப்பட்டார். 1962 பிப்ரவரியில் பூமியை மூன்றுமுறை சுற்றிய ஜான் கிளென்னை 'நோவா' என்னும் போர்க்கப்பல் மீட்டது. சந்திரனிலிருந்து 1969 ஜூலை 24 அன்று திரும்பிய நீல் ஆம்ஸ்ட்ராங்கையும் அவருடைய இரு தோழர்களையும் 'ஹார்னெட்' ஏற்றிக்கொண்டது. மேலும் ஷெப்பர்ட், ஆம்ஸ்ட்ராங் ஆகிய இருவருமே கடற்படை விமானிகளாக இருந்து விண்வெளிக்குச் சென்றவர்கள். கிளென் கடற்படையோடு இணைந்த மரைன் படையின் விமானி.

கடற்படையின் 'லூயிஸ் அண்ட் கிளார்க்' வகுப்பில் 14 சரக்குக் கப்பல்கள் உண்டு. புதிய நிலங்களைக் கண்டறிந்தோர், முன்னோடிகள் ஆகியோரின் பெயர்கள் இந்த வகுப்புக்கு உரியவை. இந்த வரிசையில் துருவப் பகுதிகளைத் தேடிச் சென்றவர்களுக்கும் விமானி அமேலியா இயர்ஹார்ட்டுக்கும் அருகே ஆலன் ஷெப்பர்டும் வால்லி ஷிராவும் இடம்பெற்றார்கள். சான் டியாகோவில் கட்டப்பட்ட 'ஆலன் ஷெப்பர்ட்' கப்பலுக்கு 2006இல் அவருடைய மகள் பெயர் சூட்டினார். மெர்க்குரி, ஜெமினி, அப்போலோ ஆகிய மூன்று திட்டங்களிலும் பறந்த ஒரே வீரரான ஷிராவின் பெயரிலான கப்பலுக்கு 2009இல் அவருடைய மனைவி பெயர் சூட்டினார். ஏறக்குறைய 210 மீட்டர் நீளமுள்ள இந்தக் கப்பல்கள் வெடிமருந்து, உணவு, உதிரிப்பாகங்கள், எரிபொருள் ஆகியவற்றை நடுக்கடலில் பிற கப்பல்களுக்கு வழங்குகின்றன. இரண்டு கப்பல்களும் நிற்காமல், ஒன்றுக்கொன்று சில பத்து மீட்டர் இடைவெளியில், ஒரே வேகத்தில் பக்கவாட்டில் செல்ல, இடையே கட்டிய கம்பிவடத்தின் வழியாகச் சரக்கு நகரும். சிறிது தடுமாறினாலும் மோதல் நேரும். 1965 டிசம்பரில் ஷிரா ஜெமினி-6 விண்கலத்தை மற்றொரு விண்கலத்துக்கு ஓரடி தொலைவுவரை நெருக்கமாகக் கொண்டுசென்று நிறுத்தியவர். அவர் பெயரைக் கொண்ட கப்பலின் அன்றாட வேலை இவ்வகை நுட்பமான நெருக்கத்தையே சார்ந்திருப்பது, திட்டமிடாமல் நேர்ந்ததாயினும், நல்ல பொருத்தம்.

ஜான் கிளென்னின் பெயரை 2012இல் பெற்ற கப்பலின் சிறப்பு, அந்த அறிவிப்பு வெளியானபோது அவர் உயிரோடு இருந்தார் என்பது. வாழும் மனிதரின் பெயரைக் கப்பலுக்கு வைப்பது அமெரிக்காவில் நீண்டகாலம் தவிர்க்கப்பட்டு, 1970களிலிருந்து மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. அது குறித்த கருத்து வேறுபாடுகள் இன்னும் ஓயவில்லை. கிளென்னைப் பொறுத்தவரை எதிர்ப்புக்கு இடமிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் பறந்தவர், ஒஹையோ மாநிலத்தின் செனட்டராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர், 77 வயதில் மீண்டும் விண்வெளிக்குச் சென்றவர் அவர். எண்ணெய்க் கப்பலின் வடிவமைப்பிலிருந்து உருவான இந்த 239 மீட்டர் நீளக் கப்பல், தன் தொட்டிகளில் நீரை நிரப்பித் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும். கரையில் துறைமுகம் இல்லாத இடத்தில், காற்றுமெத்தைப் படகுகள் அதன் தளத்தின் மேல் ஏறிச் சரக்கை மாற்றிக்கொள்ளும்.

இவையனைத்திலும் மனத்தை மிகவும் ஈர்ப்பவை இரண்டு ஆய்வுக் கப்பல்கள். நீல் ஆம்ஸ்ட்ராங் 2012 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். செப்டம்பர் 14 அன்று, அட்லாண்டிக் பெருங்கடலில் 'பிலிப்பைன் சீ' என்னும் போர்க்கப்பலிலிருந்து அவருடைய அஸ்தி கடலில் சேர்க்கப்பட்டது. ஷிராவின் அஸ்தியும் 2008இல் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றிலிருந்து கடலில் சேர்க்கப்பட்டிருந்தது; ஷெப்பர்டின் அஸ்தி அவருடைய மனைவியின் அஸ்தியோடு கலிஃபோர்னியக் கரையோரக் கடலில் தூவப்பட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் இறுதிச் சடங்கு முடிந்த அதே மாதத்தில், புதிய கடல் ஆய்வுக் கப்பலுக்கு அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டது. கொரியப் போரில் 78 முறை போர்ப் பறப்புகளில் ஈடுபட்ட ஒருவரின் பெயரை ஏவுகணைக் கப்பலுக்குக் கொடுத்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் கடல் ஆய்வுக்குச் செல்லும் கப்பலைத் தேர்ந்தெடுத்தது நுட்பமான முடிவு. ஏனெனில் சந்திரனில் அவர் செய்த வேலையும், கல் பொறுக்கியதும் கருவி நிறுவியதும் அளந்ததுமாக, ஆய்வு வேலையே.

அதன் இணைக் கப்பல் சாலி ரைடின் பெயரைப் பெற்றது. 1983 ஜூனில் சேலஞ்சர் விண்ணோடத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனவர் அவர். படையில் ஒருநாளும் பணியாற்றாத இயற்பியலாளரான அவர், பின்னர் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2012 ஜூலையில் மறைந்தார். அமெரிக்கக் கடற்படையின் கல்விசார் ஆய்வுக் கப்பல்களில் பெண்ணொருவரின் பெயரைத் தாங்கிய முதல் கப்பல் இதுவே. 2014இல் வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸ் நகரில் மார்ச் மாதம் ஆம்ஸ்ட்ராங்கின் மனைவியும், ஆகஸ்ட் மாதம் சாலி ரைடின் வாழ்க்கைத் துணைவரான டாம் ஓஷானெசியும் இரு கப்பல்களுக்கும் பெயர் சூட்டினார்கள். சாலி ரைட் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் அங்கமான ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனமே அவர் பெயரிலான கப்பலை இயக்குகிறது. ஆம்ஸ்ட்ராங் கப்பலை மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் இயக்குகிறது.

ஆய்வுக் கப்பலுக்குக் கடற்படை ஏன் பணம் செலவிட வேண்டும் என்னும் ஐயம் எழக்கூடும். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியால் பார்க்கிறது, ஒலியால் பிடிபடுகிறது. கடல்நீரில் ஒலி செல்லும் வேகமோ வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது. எனவே கடலை அறிவது கடற்படைக்குத் தற்காப்புத் தேவை. அந்தத் தேவைக்காகக் கட்டப்பட்ட கப்பல்களால் உலக அறிவியலும் பயனடைகிறது. 73 மீட்டர் நீளமே உள்ள ஆம்ஸ்ட்ராங் கப்பல் கிரீன்லாந்தை ஒட்டிய கொந்தளிப்பான கடல்வரை சென்று, அங்கே நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டுள்ள அளவீட்டுக் கருவிகளைப் பழுதுபார்த்தும் மாற்றியும் வருகிறது. குளிர்ந்த நீர் ஆழத்துக்கு இறங்கிப் பெருங்கடல்களின் சுழற்சியை இயக்கும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால், அங்கே கிடைக்கும் எண்கள் பருவநிலையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை. வுட்ஸ் ஹோலில் இந்தக் கப்பல் 'நார்' என்னும் பழைய கப்பலின் இடத்தை நிரப்பியது. 1985இல் டைட்டானிக்கின் சிதைவைக் கண்டுபிடித்த பயணம் நடந்தது அந்த 'நார்' கப்பலில்தான்.

பெயர்கள் எதிர்த்திசையிலும் பயணம் செய்துள்ளன. விண்வெளிக்குச் சென்ற நாசாவின் விண்ணோடங்கள் அனைத்துக்கும் கடலில் ஓடிய கப்பல்களின் பெயர்களே வைக்கப்பட்டன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் கப்பலிலிருந்து சேலஞ்சரும், கேப்டன் குக்கின் கப்பலிலிருந்து என்டெவரும், 1930இல் தொடங்கி வுட்ஸ் ஹோலுக்காக உழைத்த ஆய்வுக் கப்பலிலிருந்து அட்லாண்டிஸும் பெயர் பெற்றன. விண்ணோடத்துக்குக் கப்பலின் பெயரை வழங்கிய அந்த நிறுவனமே இன்று விண்வெளி வீரர் பெயரிலான கப்பலை நடத்துகிறது.

இந்திய வாசகர்களுக்கு நெருக்கமான தொடர்புகளும் இதில் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதைந்து கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் உயிரிழந்த சில நாள்களுக்குள், இந்தியா அதற்கு முந்தைய ஆண்டு ஏவியிருந்த வானிலைச் செயற்கைக்கோளுக்குக் 'கல்பனா-1' எனப் பெயர் மாற்றப்பட்டது. 2020இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசென்ற சிக்னஸ் விண்கலம், கப்பல்களுக்கு வழங்கும் முன்னொட்டோடு 'எஸ்.எஸ். கல்பனா சாவ்லா' எனப் பெயரிடப்பட்டிருந்தது. 2025 ஜூலை 15 அன்று சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து திரும்பிச் சான் டியாகோ அருகே பசிபிக் கடலில் இறங்கியபோது, அவரை ஏற்றிக்கொண்ட ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் மீட்புக் கப்பலின் பெயர் 'ஷேனன்'. விண்வெளி வீராங்கனை ஷேனன் வாக்கரைச் சிறப்பிக்கும் பெயர் அது.

இந்தியாவின் ககன்யான் திட்டத்திலும் வீரர்கள் கடலில்தான் இறங்கவேண்டும். அதற்கான சோதனைகளில் கடற்படை ஏற்கெனவே பங்கேற்றுவருகிறது. 2023 அக்டோபரில் நடந்த சோதனையில் வங்கக் கடலில் விழுந்த ஆளில்லாக் கலத்தை மீட்டது 'ஐ.என்.எஸ். சக்தி'. இந்தியக் கடற்படையின் பெரும்பாலான கப்பல்கள் மாநிலங்கள், நகரங்கள், ஆறுகள், படைக்கலங்கள் ஆகியவற்றின் பெயர்களைக் கொண்டவை; சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக் கப்பல்களோ 'சாகர் நிதி', 'சாகர் தாரா' என்பதுபோல் 'சாகர்' என்றே தொடங்குகின்றன. தனிமனிதரின் பெயரைத் தவிர்க்கும் இந்த மரபில் நியாயம் உண்டு. அது சர்ச்சைகளைத் தவிர்க்கிறது. ஆயினும் புதிய ஆய்வுக் கப்பல் ஒன்றுக்கு அந்த மரபைச் சற்றே தளர்த்திக் கல்பனா சாவ்லாவின் பெயரைச் சூட்டினால், அந்தக் கப்பலில் ஏறும் ஒவ்வொரு இளம் ஆய்வாளரும் அவர் யார் என்பதைக் கேட்டறிவார்.